ஏனோக்கின் பத்தியம்

சாம்பியன் ரீப்ஸ்,
1903 பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை ஐடா வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் நன்றாக இருக்கிறேன். குடியாத்தத்தில் நீங்களும் அண்ணியும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணிக்குப் பல்வலி விட்டதா?

நீங்கள் கொடுத்தனுப்பிய அயச்செந்தூரப் பொட்டலமும் தேனும் பவுரிங்பேட்டையில் ரயில் மாறிப் பத்திரமாக வந்து சேர்ந்தன. மறுநாள் காலையிலேயே இவர் மருந்தை ஆரம்பித்துவிட்டார். சோகைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த டானிக்கை மாதக்கணக்கில் குடித்தும் வெளுத்த முகம் வெளுத்தபடியேதான் இருந்தது. அந்தக் குப்பியில் இப்போது நான் விளக்கெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறேன்.

உப்பும் புளியும் ஒரு மண்டலத்துக்கு ஆகாது என்று நீங்கள் எழுதியதை இவர் அப்படியே பிடித்துக்கொண்டார். காலையில் உப்பில்லாத களி, மாலையில் உப்பில்லாத முருங்கைக்கீரை. நேற்று எனக்கென்று கொஞ்சம் கருவாடு வறுத்தேன். வாசனையும் ஆகாது என்று எழுந்து போய்ச் சாலையில் நின்றார். அதனால் எனக்கும் பத்தியம்தான்.

ஒன்று கேட்க வேண்டும். தங்கச் சுரங்கத்தில் இவர் வேலை செய்கிற ஆழத்து லெவலில் அனல் அடுப்படி மாதிரி இருக்குமாம். ஷிப்ட் முடிந்து வந்தால் சட்டையைப் பிழிந்துதான் காயப்போடுகிறேன். கூட வேலை செய்கிறவர்கள் உப்பும் வெங்காயமும் போட்ட கூழ் கொண்டுபோகிறார்கள். இவர் வெறும் கஞ்சி கொண்டுபோகிறார். இந்த வேலைக்கு இந்தப் பத்தியம் சரிதானா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லவும்.

தங்கை,
ஐடா

*

குடியாத்தம்,
பிப்ரவரி 15

அன்புத் தங்கை ஐடாவுக்கு அண்ணன் யோபு ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணிக்குப் பல் இன்னும் வலிக்கிறது. என் பேச்சை ஊரே கேட்கிறது, அவள் ஒருத்தி கேட்க மாட்டாள்.

மாப்பிள்ளை ஏனோக் பத்தியம் காப்பது அறிந்து மிகவும் சந்தோஷம். ஆண்பிள்ளைகளில் இப்படி ஒருவரைக் காண்பது அபூர்வம். எனக்குப் பயமெல்லாம் உன்னை நினைத்துத்தான். சிறுபிள்ளையிலேயே ஊறுகாய் ஜாடியில் கையை விட்டுக்கொண்டு திரிந்தவள் நீ. புருஷன்மேல் இரக்கப்பட்டு ஒரு கல் உப்பைப் போட்டுவிடாதே. டீக்கடைத் தண்ணீர், டின் மீன், சாராயம் இவை எதுவும் அருகில் வரக் கூடாது.

உன் கேள்விக்குப் பதில். இரத்தத்தில் நீர் ஏறினால் உடம்பு வெளுக்கும். உப்பு அந்த நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பை நிறுத்தினால் நீர் வடியும், அந்த இடத்தில் இரும்பு ஏறும். வேர்வை கொட்டுகிறது என்று எழுதினாய். நல்லதுதான். கெட்ட நீர் அந்த வழியாகப் போகட்டும். இதற்கெல்லாம் நீ கவலைப்படாதே. அடுப்பைப் பார்த்துக்கொள், மருந்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜெபத்தில் உங்களை நினைக்கும்,
யோபு

*

சாம்பியன் ரீப்ஸ்,
மார்ச் 6

அன்புள்ள அண்ணனுக்கு ஐடா எழுதுவது. எனக்குச் சுகம். இவருக்குச் சுகமில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மருந்து வேலை செய்கிறது. நகக்கண் சிவந்திருக்கிறது, கீழ் இமையைப் பிரித்துப் பார்த்தால் அங்கேயும் இரத்தம் தெரிகிறது. அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் போன வாரம் முதல் இவருக்குக் கை கால் சுண்டி இழுக்கிறது. கெண்டைக்கால் சதை கல் மாதிரி இறுகி ஒரு பக்கமாக ஏறிக்கொள்கிறது. வயிற்றிலும் அப்படியே. திங்கட்கிழமை லெவலிலேயே சுருண்டு விழுந்தாராம். பக்கத்து வீட்டு ராஜப்பா தோளில் போட்டுக் கொண்டுவந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றி மேலே கூட்டிவந்தார். வீட்டுக்கு வந்தும் வாந்தி. நான் காலைப் பிடித்து நீவினால், "வுடுடி, தொடாதே, உயிர் போவுது" என்று கத்துகிறார். இவர் கத்தி நான் கேட்டதே இல்லை. மறுநாள் சங்கு ஊதினதும் அதே வெறும் கஞ்சியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கெட்ட நீர் வேர்வையாகப் போகட்டும் என்று எழுதினீர்கள். போகிறது அண்ணா, தினமும் போகிறது. கூடவே வேறு எதுவும் போகிறதா என்று யோசித்தீர்களா?

அப்பா இதே செந்தூரத்தை ஏர் ஓட்டுகிறவர்களுக்குக் கொடுக்கும்போது வறுத்த உப்பு சேர்த்துக்கொள்ளச் சொல்வார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுச் சட்டியில் நானே வறுத்திருக்கிறேன். உங்களுக்கும் நினைவிருக்கும். இவருக்கும் வறுத்த உப்பு ஆகும் என்று ஒரு வரி எழுதுங்கள். நான் சொன்னால் இவர் கேட்க மாட்டார். தாய் தகப்பன் இல்லாமல் மிஷன் விடுதியில் வளர்ந்தவர், பெரியவர் என்று உங்கள் ஒருவரைத்தான் வைத்திருக்கிறார்.

பதிலைச் சீக்கிரம் போடவும்.

ஐடா

*

குடியாத்தம்,
மார்ச் 11

ஐடாவுக்கு யோபு எழுதுவது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு மனத்துக்குத்தான் சுகமில்லை.

நகம் சிவந்தது என்று நீயே எழுதுகிறாய். ஒழுங்காக வேலை செய்த மருந்து திடீரென்று எதற்காகச் சதையை முறுக்க வேண்டும்? பத்தியம் முறிந்தால்தான் முறுக்கும். செந்தூரம் உள்ளே இருக்கும்போது உப்புப் பட்டால் அது நரம்பில் பாயும். அந்த வீட்டில் களி கிண்டுகிற கை ஒன்றுதான். யார் செய்திருப்பார்கள் என்று கண்டுபிடிக்க வைத்தியன் வேண்டாம்.

அப்பாவை இழுக்கிறாய். அப்பாவிடம் உப்பு வறுத்தவள் நீ, மருந்து படித்தவன் நான். அவர் புடம் போட்டதைவிட நான் அதிகம் போடுகிறேன். வீரியம் அதிகம், அதனால் பத்தியமும் கடுமை. வறுத்த உப்பும் கிடையாது, வறுக்காத உப்பும் கிடையாது. குடியாத்தம் முழுக்க என் மருந்தைத் தின்று எழுந்து நடக்கிறது. தங்கை வீட்டில் மட்டும் அது பொய்யாகிப்போனது என்று நாலு பேர் சொன்னால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

இதுவரை எடுத்தது வீண். மண்டலத்தை முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கச் சொல். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையும் படிக்க வேண்டும்.

யோபு

*

சாம்பியன் ரீப்ஸ்,
மார்ச் 16

அண்ணனுக்கு ஐடா எழுதுவது. எங்கள் சுகத்தை இனி நீங்கள் விசாரிக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் இவர் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு தரம் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"உப்பு போட்டியா? உண்மைய சொல்லு."

"ஒரு கல்லு கூட போடலைங்க."

"அப்ப மச்சான் இன்னாத்துக்கு இப்பிடி எழுதறாரு? அவரு பொய் சொல்லுவாரா?"

அவர் பொய்தான் சொல்கிறார் என்றேன். இவர் கையை ஓங்கவில்லை. திட்டவும் இல்லை. உப்புச் சாடியை எடுத்துக்கொண்டு போய்க் கிருஷ்ணம்மா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். அவள் ராஜப்பாவின் பெண்டாட்டி. சாயங்காலத்துக்குள் எங்கள் குடியிருப்பு லைன் முழுக்கத் தெரிந்துபோனது, ஏனோக் பெண்டாட்டி கையில் சோறு வாங்க மாட்டான் என்று.

மறுநாள் முதல் இவரே களி கிண்டிக்கொள்கிறார். ஷிப்ட் முடிந்து நிற்க முடியாமல் வருகிற மனிதர் அடுப்பு முன்னால் உட்கார்ந்து துடுப்பைப் பிடித்துச் சுற்றுகிறார். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தால் கொட்டிவிட்டு வேறு மொள்கிறார். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை. இதை என் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் கூடப் பிறந்தவர்.

நான் உப்புப் போடவில்லை. போட்டிருக்க வேண்டும். போடாததுதான் இப்போது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. இவரே கிண்டிச் சாப்பிடுகிறாரே, இழுப்பு நின்றதா என்று கேளுங்கள். நிற்கவில்லை. தினமும் வருகிறது. இதற்கு யாரைத் திருடி என்பீர்கள்?

ஐடா

*

சாம்பியன் ரீப்ஸ்,
மார்ச் 22

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு ஏனோக் ஸ்தோத்திரம் சொல்லி எழுதியது. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் தினமும் ஜெபிக்கிறேன்.

உங்களிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன். ஐடாவுக்குத் தெரியாது. வியாழக்கிழமை லெவலில் எனக்கு இழுப்பு வந்து வாய் கோணிப்போய்க் கிடந்தேன். ராஜப்பா தன் சட்டியைச் சாய்த்து வாயில் கூழை ஊற்றிவிட்டான். நல்ல உப்புப் போட்ட கூழ். துப்பியிருக்க வேண்டும், துப்பவில்லை. நானே சட்டியைப் பிடித்து மிச்சத்தையும் குடித்துவிட்டேன். மச்சான், கொஞ்ச நேரத்தில் இழுப்பு விட்டுப்போய்விட்டது. எழுந்து ஷிப்ட் முடிய வேலை செய்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ராஜப்பா, "இன்னா, உப்புதான்டா உனுக்கு மருந்து, நாளைக்கும் கொணாறேன்" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பத்தியத்தை முறித்தவன் நான்தான். அதற்கு முன்னால் ஐடா போட்டாளா இல்லையா என்று இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. போடவில்லை என்று நீங்கள் சொன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உப்புக் குடித்ததும் ஏன் வலி போனது என்றும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கவா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

கீழ்ப்படியும்,
ஏனோக்

*

குடியாத்தம்,
மார்ச் 29

அன்பு மாப்பிள்ளை ஏனோக்குக்கு யோபு ஆசி கூறி எழுதுவது. இவ்விடம் சுகம். உங்கள் உண்மைக்குக் கர்த்தர் பலன் கொடுப்பார்.

பதில் எழுத இரண்டு நாள் யோசித்தேன். உப்பினால் வந்த சுகத்தை நம்ப வேண்டாம். குடிகாரனுக்குக் குடித்ததும் கை நடுக்கம் நிற்கிறது, அதனால் சாராயம் மருந்தாகிவிடுமா? இதுவும் அப்படித்தான். ராஜப்பாவின் சட்டிப் பக்கம் போக வேண்டாம். இழுப்பு வந்தால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளவும். செந்தூரத்தைக் காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை என்று ஆக்கிக்கொள்ளுங்கள். மண்டலம் இன்று முதல் புதிதாகத் தொடங்கட்டும்.

வீட்டில் சமாதானமாக இருங்கள். நீங்கள் எழுதியதை ஐடாவுக்குத் தெரிவிக்க வேண்டிய அவசியமில்லை.

யோபு

*

சாம்பியன் ரீப்ஸ்,
ஏப்ரல் 20

யோபு வைத்தியர் அவர்களுக்கு ஏனோக் பெண்டாட்டி எழுதுவது.

இன்றைக்கு ஆறாம் நாள், இவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். சுரங்கத்துக்குள் ஏணியில் ஏறும்போது இரண்டு காலும் ஒன்றாக இழுத்துக்கொண்டது. கை பிடி விட்டுக் கீழே பலகைத் தட்டில் விழுந்தார். தட்டு இல்லாவிட்டால் ஷாப்டுக் குழியின் அடிக்கே போயிருப்பார். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

டாக்டர் எலும்பைச் சேர்த்துக் கட்டுப் போட்டார். இழுப்பு வந்தது. சதை முறுக்கின முறுக்கில் சேர்த்த எலும்பு விலகிப்போனது. மறுபடியும் கட்டினார், மறுபடியும் விலகியது. இது வரைக்கும் மூன்று தரம் ஆகிவிட்டது. இவர் போடுகிற சத்தத்தில் மற்ற நோயாளிகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். எலும்பு நிலைக்காவிட்டால் புண் அழுகும், காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காய்ச்சலில் இவர் எல்லாவற்றையும் உளறினார். ராஜப்பாவின் கூழ் குடித்ததும் இழுப்பு விட்டதும், அதை உங்களுக்கு எழுதினதும், நீங்கள் என்ன பதில் போட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒரு மாதமாகத் தெரியும். உப்புப் பட்டால் இழுப்பு வராது, போய்விடுகிறது என்று உங்கள் நோயாளியே எழுதிக்கொடுத்த பிறகும் நீங்கள் அதை உள்ளே போட்டுப் பூட்டிக்கொண்டு என்னைக் களவாணியாகவே விட்டுவைத்தீர்கள். என் பெயர் போகட்டும். இந்தக் கால் உங்களுக்கு என்ன செய்தது?

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். ஆஸ்பத்திரியில் உப்புப் போட்ட ஆட்டுச்சாறு கொடுக்கச் சொல்கிறார்கள். இவர் தொட மாட்டேன் என்கிறார். நான் தெரியாமல் கஞ்சியில் கலந்தேன். நாக்கில் பட்டதும் துப்பிவிட்டு, "பாத்தியா, நீ போடற ஆளுதான்" என்றார். டாக்டர் அதட்டினார், ராஜப்பா கையைப் பிடித்துக் கெஞ்சினார். "மச்சான் எழுதட்டும்" என்ற ஒரே பேச்சுத்தான். உங்கள் கையெழுத்து இவருக்கு நன்றாகத் தெரியும், இல்லாவிட்டால் நானே எழுதிக் காட்டியிருப்பேன்.

உப்பு சாப்பிடு என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் செய்தது தவறு என்று எழுத வேண்டாம். என்னிடம் மன்னிப்பும் கேட்க வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே தபாலில் போடுங்கள்.

ஐடா

*

சாம்பியன் ரீப்ஸ்,
ஏப்ரல் 28

யோபு வைத்தியர் அவர்களுக்கு.

குடியாத்தத்திலிருந்து இங்கே கடிதம் வர இரண்டு மூன்று நாள்தான் ஆகும். தினமும் தபாலாபீஸ் வாசலில் நிற்கிறேன். கட்டு மறுபடியும் விலகியது. புண்ணில் நாற்றம் வந்துவிட்டது. வாசலில் காலடிச் சத்தம் கேட்டால், "மச்சான் லெட்டரு வந்துச்சா" என்று இவர் தலையைத் தூக்குகிறார்.

எழுதுவதற்குக் கை வரவில்லையென்றால் அண்ணியையாவது எழுதச் சொல்லி நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்.

ஐடா

*

குடியாத்தம்,
மே 2

அன்பு மாப்பிள்ளை ஏனோக்குக்கு யோபு வைத்தியன் ஆசீர்வதித்து எழுதுவது. தங்கள் சுகவீனம் கேள்விப்பட்டு நாங்கள் குடும்பமாக ஜெபிக்கிறோம்.

தங்கள் தேகக்கூற்றை நன்கு ஆலோசித்ததில், செந்தூரம் எதிர்பார்த்ததற்கு முன்பாகவே இரத்தத்தில் ஏறிவிட்டது தெரிகிறது. இரண்டு வேளை மருந்து எடுத்ததால் மண்டலம் குறைந்த நாளிலேயே நிறைவடைந்துவிட்டதாகக் கொள்ளலாம். ஆகவே இக்கடிதம் கண்ட நாள் முதல் பத்தியம் தீர்ந்தது. உப்பு சேர்த்துக்கொள்ளலாம். ஆட்டுச்சாறும் ஆகும்.

பூரண சுகம் பெற்றதும் இங்கே வந்து சில நாள் தங்கிப்போகவும்.

யோபு

*

சாம்பியன் ரீப்ஸ்,
மே 26

யோபு வைத்தியர் அவர்களுக்கு.

உங்கள் கடிதம் இந்த மாதம் ஐந்தாம் தேதி வந்தது. மூன்றாம் தேதியே இவருடைய காலை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். பத்தியம் தீர்ந்தது என்ற இடம் வந்ததும், "ஸ்தோத்திரம்" என்று கையைக் கூப்பினார். அந்த வேளையே ஆட்டுச்சாறு கேட்டு வாங்கி, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். இரண்டு நாளில் இழுப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தரம்கூட வரவில்லை. புண் ஆறி வருகிறது. உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்கிறார்.

மண்டலம் நிறைந்ததாம். நாற்பத்தெட்டு நாள் ஆகவில்லை என்று இவருக்கே தெரியும். என்னிடம் கேட்டார். அந்த மனிதர் தன் பேர் கெடாமல் இருக்கப் பொய் எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் சொன்னதால் பட்டினி கிடந்தார், நீங்கள் சொன்னதால் சாப்பிட்டார். அவர் பெண்டாட்டியாக நான் பக்கத்தில் இருந்தது எதற்கும் உதவவில்லை. உங்கள் பொய்யை என் கையால் எடுத்துப் போய்த்தான் என் புருஷனுக்குச் சோறு ஊட்ட வேண்டியிருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். வார்டில் படுத்துக்கொண்டு இவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உங்கள் புகழ் பாடினார். நகத்தைக் காட்டி, "பாருங்க, எங்க மச்சான் மருந்துதான் உயிரைக் காப்பாத்துச்சு" என்பார். சுரங்கத்தில் வெளுத்துப்போன ஆட்களுக்கா பஞ்சம். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கெலட்டன் என்கிற குடியிருப்புப் பக்கத்திலிருந்து முனிரத்தினம் என்றொருவர் வந்தார். அவரும் கீழ் லெவலில் வேலை செய்கிறவர்தான். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. கட்டிலருகே நின்று, "அக்கா, அந்த வைத்தியரு எந்த ஊரு, வெலாசம் குடுங்க, நானும் செந்தூரம் வரவெச்சிக்கிறேன்" என்று கேட்டார். கூட இன்னும் சிலர் நின்றார்கள்.

யோபு வைத்தியர் செத்துப்போய்விட்டார் என்று சொன்னேன். எப்போது என்று கேட்டார்கள். மார்ச் மாதக் கடைசியில் என்றேன், நீங்கள் இவருக்கு அந்தப் பதிலை எழுதின நாளை நினைத்து. பாவம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். மறுத்துப் பேசவில்லை. அவர்கள் போன பிறகு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டு, நான் பிசைந்து கொடுத்த சோற்றை என் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டார்.

ஏனோக் மனைவி,
ஐடா